முழு மார்க் வாங்கிய சைரன்

ஜோசலின் வேலை செய்த அறைக்குச் சன்னல் கிடையாது. மழை வருவதைச் சுவரைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள். சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரைகள் இருந்தன. அவற்றில் மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்கப் படுத்துக்கிடந்தது. கிளினிக்குகள், தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள், ஆற்றங்கரையில் நட்டுவைத்த நீர்மட்டக் கருவிகள் என்று கம்பெனி இணைய இணைப்புக் கொடுத்திருந்த ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி. சித்தியவான் பக்கத்துப் புள்ளிகள் பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனால் கடலோரம் இடி இறங்குகிறது என்று பொருள். அந்த நவம்பரில் மஞ்சள் கோலா கங்சாரில் தொடங்கி, ஈப்போவைத் தாண்டி, தெற்கே சுங்காய் வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

புள்ளி சிவந்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு மாதத்தில் ஓர் இணைப்பு இவ்வளவு நேரத்துக்குமேல் படுத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தம். முன்பு அலாரம் ஓரிடத்தில் வரும், பழுதுபார்க்கப் போன வண்டி எங்கே நிற்கிறது என்பது வேறிடத்தில் தெரியும், யார் எதைச் சரிசெய்தார் என்பது மூன்றாவது இடத்தில் கிடக்கும். வருடத் தொடக்கத்தில் வந்த புதிய மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மாதக் கடைசியில் அறிக்கையையும் அதுவே எழுதிவிடும். ஜோசலின் அதைப் படித்துப் பார்த்து, சாயந்திரத்துக்குள் மேலாளர் சிவானந்தனுக்கு அனுப்பினால் போதும்.

புள்ளிகளின் மறுமுனையில் ஏணியோடு நிற்கிறவர்களில் அவள் கணவன் லயனலும் ஒருவன். அவன் கம்பத்தில் ஏறுகிறவன், அவள் திரையைப் பார்க்கிறவள். கல்யாணமான புதிதில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கை போய்விட்டது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "தாப்பா கிளினிக் பழுத ஏன் இன்னும் க்ளோஸ் பண்ணல?" என்று இவள் கேட்பாள். "நீ வந்து அந்த மேட்டுல ஏறிப் பாரு" என்று அவன் தட்டைத் தள்ளுவான். சண்டை முற்றி இருவரும் சிலிபின் கோயில் பாதிரியார் முன் போய் நின்றபோது அவர் ஒரே ஒரு புத்திமதி சொன்னார்: வேலையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். அன்றிலிருந்து வீட்டில் வேலைப் பேச்சே கிடையாது. எந்த ஊருக்குப் போகிறான் என்றுகூட அவள் கேட்பதில்லை. இரண்டு வருடமாக அந்த வீடு அமைதியாக இருந்தது என்றால் அந்த ஏற்பாட்டால்தான்.

மத்தியானம், கடையில் தாப்பாவ் பண்ணி வந்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தை அவள் பிரித்துக்கொண்டிருந்தபோது, லயனலின் அக்கா பியாட்ரிஸ் போன் செய்தாள்.

பியாட்ரிஸ் இருந்தது சுங்காய்க்கு அப்பால், தமிழர்கள் இரும்புப்பாலத் தோட்டம் என்று அழைத்த இடத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, ஆட்கள் பாதிக்குமேல் பட்டணம் போன பிறகும் ஆற்றை ஒட்டிய கீழ் லயத்து வரிசை வீடுகளில் சில குடும்பங்கள் தங்கியிருந்தன. பியாட்ரிஸின் கணவர் ஸ்டானிஸ்லாசுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. அவரை நகர்த்துவது என்றால் இரண்டு ஆள் வேண்டும்.

பேச்சு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆரம்பித்து, கருவாட்டுக்குப் போய், மழைக்கு வந்தது. அங்கே நேற்றிலிருந்து விடாமல் ஊற்றுகிறது, துணி எதுவும் காயவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டிக் கருவாடும் சட்டையும் ஒன்றாகத் தொங்குகின்றன என்று பியாட்ரிஸ் சிரித்தாள்.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குக்கா?"

"மாட்டுக்கொட்டாய்கிட்ட நிக்குது. அது எப்பவும் நிக்கிறதுதான்."

"பேசாம மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்களேன்."

"சும்மா எதுக்குப் போறது? போன ரெண்டு தடவையும் போனோமே, என்னா ஆச்சு? ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒங்க அண்ணன வண்டியில ஏத்தி எறக்கி எனக்கு இடுப்பு போனதுதான் மிச்சம். அவரு இந்தத் தடவ அசைய மாட்டேங்குறாரு." பின்னால் ஸ்டானிஸ்லாஸ் எதையோ சொல்வது கேட்டது. "கேட்டியா? செத்தா கட்டுலோட மெதந்து லுமுட் வரைக்கும் போயி கடலப் பாப்பாராம். அதான் சைரன் இருக்குல்ல ஜோசு. அடிச்சா கெளம்புவோம். அடிக்கலன்னா படுத்துத் தூங்குவோம். ஒம் புருசன் நட்டுட்டுப் போன சாமான்தானே, ஒனக்கே நம்பிக்க இல்லியா லா?"

ஜோசலின் சிரித்துவிட்டு ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப அழைத்தாள், கிடைக்கவில்லை. திரையில் அந்தப் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரம் சிவந்திருந்தது. மின்சாரம் போயிருக்கும். சுங்காய்க்கு மேலே மலைக்கோபுரத்தில் ஏற்கெனவே ஒரு பழுது பதிவாகியிருந்ததால் யாரோ அந்தத் திசையில் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவள் மீ கோரெங்கை மூடிவைத்துவிட்டு அறிக்கையைத் திறந்தாள்.

அறிக்கை அழகாக இருந்தது. இந்த மாதிரி மழைக்காலத்தில் அவ்வளவு அழகான அறிக்கை வந்ததே இல்லை. மென்பொருள் தானாகவே மாதத்தின் சிறந்த நிலையம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரமும் போட்டிருந்தது. நூற்றுக்கு நூறு. ஒரு நொடிகூடப் படுக்கவில்லை. பெயரைப் பார்த்தாள்: இரும்புப்பாலம், நீர்மட்டக் கருவியும் சைரனும்.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லயனல் நட்ட கம்பம். அப்புறம், இடியும் மின்னலும் மாதம் முழுக்க அடித்த இடத்தில் ஒரு கம்பம் எப்படி ஒருமுறைகூடத் தும்மாமல் நின்றது என்று தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள் அவள் சுவரில் அதன் புள்ளியைத் தேடினாள். நீலம்.

அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

கம்பத்தில் ஏறுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நிலையத்தில் வேலை செய்யப் போகுமுன் ஈப்போவுக்குப் போன் போட்டு, "தூங்க வைங்க" என்பார்கள். தூங்குகிற நிலையத்திலிருந்து அலாரம் வராது, கடிகாரம் ஓடாது, அறிக்கையில் அந்த நேரமெல்லாம் நல்ல நேரமாகவே எழுதப்படும். அங்கே சைரன் இருந்தால், ஆறு எவ்வளவு ஏறினாலும் அதற்குக் கட்டளை போகாது. திரையில் அதன் புள்ளி நீலமாகிவிடும். சிவப்பையும் மஞ்சளையும் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் நீலத்தைப் பார்ப்பதில்லை.

அதைத் தூங்க வைத்தது அவள்தான். மழைக்காலம் தொடங்குமுன் கீழ் லயத்தில் கருப்பம்மாள் என்ற கிழவி இறந்துபோனாள். பாடையைத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுவந்த நேரம், வெயில் காய்ந்துகொண்டிருக்கையில், சைரன் அலறியது. செம்பனை மட்டைகள் மிதந்து வந்து கருவிக்கு அடியில் அடைத்துக்கொள்ளும். வெள்ளம் என்று அது ஏமாந்துபோகும். பழைய வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு நிற்க மாட்டார்கள். தூக்கியவர்கள் பாடையை நடுத்தெருவில் இறக்கிவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். கிழவியின் மகன் தர்மேந்திரன் மட்டும் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவன் யாரையும் திட்டவில்லை. சாவுக்கு வந்திருந்த லயனலின் கையைப் பிடித்துக்கொண்டு, கருமாதி வரைக்கும் இதன் வாயை மூடி வையுங்கள் அண்ணே என்று மட்டும் கேட்டான்.

லயனல் சுடுகாட்டிலிருந்தே ஜோசலினை அழைத்தான். எந்த நாள்வரைக்கும் என்று போட வேண்டும் என்று கேட்டாள். பதினாறாம் நாள் வேலை நாளில் வருவதால், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் லீவைப் பார்த்து ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவார்கள், நாள் இன்னும் முடிவாகவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்றான். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். மறு வாரமே அவன் போய் மட்டைகள் அண்டாதபடி கருவிக்கு வலை கட்டிவிட்டு வந்தான். கருமாதிக்கு இருவரும் போனார்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்டானிஸ்லாசின் காலைப் பற்றிப் பேசினார்கள். அவன் வலை கட்டியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கட்டம் காலியாக இருப்பதை அவளும் சொல்லவில்லை. நாள் முடிவானதும் அவள் போட்டிருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். எழுப்பச் சொல்லி அவன் முறைப்படி அலுவலகத்துக்கு அழைப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேலை வாசலிலேயே கிடந்தது.

ஜோசலின் நிலையத்தைத் திறந்தாள். கருவி பாவம், தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆறு அபாயக் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்று அது ஒவ்வொரு நிமிடமும் செயற்கைக்கோள் வழியாக ஈப்போவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பியாட்ரிஸ் கருவாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே தாண்டிவிட்டது.

எழுப்பும் பொத்தானை அழுத்தினாள். உடனே ஒரு பெட்டி வந்து மறித்தது: தூங்க வைக்கச் சொன்னவர் கம்பத்தை விட்டு இறங்கிவிட்டாரா? அவர் குரலை நீங்கள் கேட்டீர்களா?

அந்தக் கேள்வி அங்கே சும்மா வரவில்லை. கம்பெனிப் பையன் ஒருவன் கம்பத்தில் இருக்கும்போது, இறங்கியிருப்பான் என்று எண்ணி யாரோ நிலையத்தை எழுப்ப, காதருகே சைரன் அலறி, அவன் விழுந்து இடுப்பு உடைந்தது. இப்போது கீழே ஸ்டோரில் உட்கார்ந்து பொருள் எடுத்துக் கொடுக்கிறான். அதன் பிறகு சிவானந்தன் போட்ட சட்டம் அது: ஏறினவன் குரலைக் கேட்காமல் எழுப்பக் கூடாது.

லயனல் அங்கே எதற்குப் போகப்போகிறான்? இருந்தாலும் கை தயங்கியது. காலையில் அவன் எந்தப் பக்கம் கிளம்பினான் என்று அவளுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் காட்டும் வண்டிகளைத் திரையில் வரவழைத்தாள். சுங்காய் மலைக்கோபுரத்தில் நிற்க வேண்டிய வண்டி லயனலின் வண்டி. அது மலையில் இல்லை. இரும்புப்பாலத்தில் நின்றது, இன்ஜின் அணைந்து.

அவன் போன் அடிக்கவே இல்லை. செயலற்றுப்போன கோபுரத்துக்குக் கீழே அது எப்படி அடிக்கும்?

சிவானந்தனின் அறைக் கதவை அவள் தட்டாமல் திறந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பரம்பரையாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், சிவானந்தன் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எழுந்து அவள் மேசைக்கு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அவன் ஏன் அங்க போனவன்?"

"தெரியல சார். மலைக்குப் போற வழியில பாலத்தப் பாத்திருப்பாரு. தண்ணி ஏறி நிக்குது, சைரன் அடிக்கல. அப்பதான் ஞாபகம் வந்திருக்கும்."

"கம்பத்தில கையால அடிக்கிற சுவிட்ச் இருக்கா?"

"மேல இருக்கு. ஹாரனுக்குப் பக்கத்துல, பெட்டிக்குள்ள."

அந்த ஹாரன் மூன்று கிலோமீட்டருக்குக் கேட்கும். அதற்கு ஒரு முழம் தள்ளி, மழையில் வழுக்கும் ஏணியில், கீழே வெள்ளம் ஓட, ஒருவன் நின்றுகொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வண்டியை விட்டுவிட்டு லயத்துக்குள் ஓடி அக்காவின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். வண்டி நிற்பது மட்டும்தான் திரைக்குத் தெரியும்.

சிவானந்தன் தீயணைப்புப் படையான பொம்பாவுக்குப் போன் செய்து மலாயில் விவரம் சொன்னார். பழைய சாலையில் தண்ணீர், படகு வேறிடத்தில் இருக்கிறது, சுற்றி வர நேரமாகும் என்றார்கள். சின்னச் சத்தமாகச் சோதித்து மேலே இருப்பவனை எச்சரிக்கலாமா என்று பார்த்தார். தூங்குகிற நிலையத்தில் அதுவும் பூட்டியிருந்தது. ஆற்றின் கோடு திரையில் இன்னும் கொஞ்சம் மேலே போனது. லயத்தின் முதல் படிக்கட்டு எந்த உயரம் என்று ஜோசலினுக்குத் தெரியும். அதில் உட்கார்ந்து மீன் அரிந்திருக்கிறாள்.

"அவன் இறங்கட்டும் எண்டு பார்ப்பமா, ஒரு பத்து நிமிஷம்?"

"அவர் மேல இருந்தா, சுவிட்ச போட்டிருப்பாரு சார். இன்னும் அடிக்கல."

"பெட்டி துருப்பிடிச்சிருக்கும். திறக்கக் கஷ்டப்படுறானாக்கும்."

"தொறக்கவே முடியலன்னா, எத்தன நிமிஷம் பாத்தாலும் அடிக்காது சார்."

ஜோசலின் ஆற்றின் கோட்டையே பார்த்தாள். கட்டிலை விட்டு அசையமாட்டேன் என்ற ஸ்டானிஸ்லாஸ், அவரைத் தூக்க இன்னொரு ஆள் தேடுகிற பியாட்ரிஸ், அடுத்தடுத்த கதவுகளுக்குள் சைரன் அடிக்கட்டும் என்று தூங்குகிறவர்கள். ஏணியில் லயனல். தராசு போட்டுப் பார்க்கிற காரியமா இது? போட்டுப் பார்த்தாள். தட்டில் எதை வைத்தாலும் அது லயனலாகவே இருந்தது; அவனுடைய அக்கா, அவனுடைய மச்சான், அவன் பிறந்த லயம்.

"நீ தள்ளு பிள்ளை. நான் அழுத்துறன்," என்றார் சிவானந்தன். "சட்டம் போட்டவன் நான். உடைக்கிறதும் நானாயிருக்கட்டும். நாளைக்கு நீ அவன்ர முகத்தைப் பார்க்க வேணும்."

அவர் மனதாரச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் அழுத்தினால், நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், வாழ்நாள் முழுக்க அவரையே நொந்துகொண்டு கிடப்போம் என்பதும் தெரிந்தது. அது அவளுக்கு வேண்டாம்.

"வேணாம் சார். தூங்க வைக்கச் சொல்லி அவர் என்னைத்தான் கேட்டாரு," என்றாள்.

குரலைக் கேட்டீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் போட்டாள். அப்படியானால் யார் பொறுப்பு என்று அடுத்த பெட்டி கேட்டது. தன் பெயரை அடித்தாள். அழுத்தினாள்.

நீலம் சிவந்தது. சைரன் ஒலிக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். சுங்காய் ஆற்றங்கரையில் நாய்களும் கோழிகளும் பதறிக்கொண்டிருக்கும். ஈப்போ அறையில் ஏர்கோன் சத்தம்கூடக் கூடவில்லை.

அதற்கப்புறம் அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் வேலை இருந்தது. சித்தியவானில் ஒரு கிளினிக்கின் இணைப்புப் போயிற்று. மருந்துக் கணக்குத் திறக்கவில்லை என்று அங்கிருந்து ஒரு பெண் மலாயில் அழாக்குறையாகப் பேசினாள். ஜோசலின் அவளுக்குப் பொறுமையாக வழி சொன்னாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே பயமாக இருந்தது. நடுவில் அறிக்கையைத் திறந்து நட்சத்திரத்தை எடுத்தாள். ஆறு ஏறிக்கொண்டிருந்தபோது நிலையம் தூங்கிய நேரத்தைப் பழுதான நேரம் என்று மாற்றினாள். காரணத்தில் நடந்ததை எழுதினாள். சிவானந்தன் பின்னால் நின்று படித்தார். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. சூடாக மைலோ வாங்கி வந்து அவள் கைக்கருகில் வைத்தார். அது ஆடை கட்டிப்போயிற்று.

வண்டி அசையவில்லை. பிறகு, ஆறு பாலத்தின் தளத்தைத் தொடும் உயரத்துக்கு வந்தபோது, வண்டி திரையிலிருந்தே காணாமல் போனது.

ஜோசலின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லி வருவது, வரவில்லை. திரும்பத் திரும்ப முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைப்பேசிக் கோபுரம் பச்சைக்குத் திரும்பியபோது மாலை ஆகியிருந்தது. யாரோ ஜெனரேட்டரை முடுக்கியிருக்க வேண்டும். அடுத்த நிமிடம் அவள் போன் அடித்தது. பியாட்ரிஸின் எண். எடுத்தாள். பேசியது லயனல்.

"ஜோஸ்! நாந்தான்!"

கத்தினான். அவள் போனைக் காதிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. "எங்க இருக்கீங்க? அடி கிடி பட்டுச்சா?" என்றாள்.

"ஜோஸ்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். சொல்லுங்க."

"பேச மாட்டேங்குற." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "கோவமா இருக்க. சரி, இரு. நானே சொல்றேன். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாச்சு. மச்சான நானும் தர்மேந்திரனும் நாக்காலியோட தூக்கிட்டு வந்தோம். திட்டிக்கிட்டே வந்தாரு. தண்ணி வூட்டுக்குள்ள முட்டிக்கு மேல. அக்கா சாமி படத்தையும் அந்தக் கருவாட்டையும் மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கு லா."

"ஒங்களுக்கு என்னா ஆச்சு?"

"வண்டி போச்சு. பாலத்தோட போச்சு. சிவானந்தன் சார்கிட்ட நான் பேசிக்கிறேன். ஜோஸ், நான் மேல ஏறி பெட்டியத் தொறந்தேன். கைய உள்ள விட்டேன், அவ்வளவுதான், அது கத்த ஆரம்பிச்சிருச்சு. நீ எழுப்பிட்டன்னு தெரிஞ்சிச்சு. பெல்ட்டு மாட்டியிருந்தேன், தொங்கிட்டேன். நல்லாத்தான் இருக்கேன். ஏன் லா பேச மாட்டேங்குற? ஒரு வார்த்த பேசு."

திரையில் அந்தக் கோபுரத்தின் நிலை தெரிந்தது. இணைப்பு சுத்தமாக இருந்தது. ஒரு விக்கல், ஓர் உடைசல் இல்லை. அவள் சொன்னதெல்லாம் ஈப்போவிலிருந்து சுங்காய்க்குச் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"லயனல்," என்றாள். இன்னொரு தடவை, சிவானந்தன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினாள்.

"சரி, பேசாத," என்றான் அவன். குரல் தணியவே இல்லை. "நான் செஞ்சதும் தப்புதான்."

பிறகு போன் கைமாறியது. பியாட்ரிஸ் மெதுவாகப் பேசினாள். சுற்றிலும் ஜனங்களின் சத்தம், ஈரத்துணி பிழிகிற சத்தம்.

"ஜோசு, அவனுக்குக் காது கேக்கல. வந்ததுலேர்ந்து கூப்புட்டுப் பாக்கிறேன், திரும்ப மாட்டேங்குறான். அவனுக்கே இன்னும் தெரியல போல. எல்லாரும் மெதுவா பேசுறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். நீதான் அடிச்சியா அத?"

"நான்தான்கா."

"அடிக்கலன்னா நாங்க கெளம்பியிருக்க மாட்டோம்," என்றாள் பியாட்ரிஸ். "பொம்பாகாரங்க வந்துட்டாங்க. காலையில தாப்பா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கிட்டுப் போலாம்ங்கிறாங்க. காது திரும்பி வந்துரும்ங்கிறாரு ஒருத்தரு, பாக்கணும்ங்கிறாரு இன்னொருத்தரு. நீ வா. பழைய ரோட்டுல வராத, ஹைவே புடிச்சு வா. அவன்கிட்ட என்னா சொல்லணும்? இங்க கரும்பலகை இருக்கு, எழுதிக் காட்டுறேன்."

ஜோசலின் எவ்வளவோ சொல்ல நினைத்தாள். நான் அப்போதிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. நீ மேலே இருக்கலாம் என்று தெரிந்தேதான் அழுத்தினேன் என்று. அது கரும்பலகையில் எழுதுகிற விஷயம் இல்லை.

"வாரேன்னு எழுதுங்கக்கா."

சாக்பீஸ் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி, லயனல் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"வா-ரேன். யாரு, ஜோசா? இந்த மழையிலயா?"

அப்புறம் அவன் நிறுத்திவிட்டான். அவனைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"அக்கா," என்றான், இப்போதும் கத்தித்தான். "ஏன் அத எழுதிக் காட்டுற?"